நிரூபனின் கலியாணத்துக்கு முப்பத்திரண்டு மேசைகள்

அந்த ஜனவரி மாதம் நாகேஸ்வரிக்கு இரண்டு யோசனைகள்தான். ஒன்று, மகன் நிரூபனின் கலியாண வரவேற்புக்கு வைக்க வேண்டிய முப்பத்திரண்டு மேசை அலங்காரங்கள். மற்றது, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அண்ணன் வீரக்குட்டி. கை மேசை வேலையில் இருந்தாலும் காது எப்போதும் போனில்தான் இருந்தது.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. தொண்ணூற்றொன்றில் கனடாவில் வந்து இறங்கியபோது பார்க்டேலில் ஓர் அறைக்குள் ஐந்து பேராக இருந்தவள். பிறகு யாழ்ப்பாணத்தவரான மகேஸ்வரனைக் கட்டிக்கொண்டு ஸ்காபரோவுக்கு வந்தாள். மகேஸ்வரன் டக்சி ஓடினார். அவள் பத்தொன்பது வருடம் மஃபின் செய்யும் ஃபாக்டரி ஒன்றில் பெல்ட்டுக்கு முன்னால் நின்றாள். ஃபாக்டரியை மூடியதும் கலியாண மண்டப அலங்காரத்துக்குப் போகத் தொடங்கினாள். தங்க நிறத் தூண், பிளாஸ்டிக் தாமரை, பட்டுத் துணி, பலூன் வளைவு, இவைதான் அவள் அறிந்த கலியாணம்.

மருமகளாக வரப்போகிற தேனுகா போனில் காட்டிய படங்களில் இவை ஒன்றும் இல்லை. குறுக்காக வெட்டிய மரத்துண்டு. அதற்கு மேல் சணல் கயிறு சுற்றிய கண்ணாடிப் போத்தல். போத்தலுக்குள் இலையில்லாத கொப்புகள். பக்கத்தில் இரண்டு பைன் காய்களும் ஒரு மெழுகுவர்த்தியும்.

"அன்ரி, எனக்கு கோல்ட், பிங்க் ஒண்டும் வேணாம். இப்பிடி றஸ்ரிக்கா, சிம்பிளா வேணும். விண்டர் வெடிங்தானே. உங்களாலதான் செய்ய முடியும்."

இதுவரை யாரோ குறித்துத் தந்த அளவுக்கும் நிறத்துக்கும் வேலை செய்தவளிடம், "உங்களாலதான்" என்று ஒரு பிள்ளை சொன்னது. நாகேஸ்வரி உடனே ஓம் என்றாள்.

வெள்ளைத் தோல் கொண்ட பேர்ச் மரத்துண்டுகளை விறகு விற்கும் ஓர் இடத்தில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள். வெட்டுமுகம் பிளந்துவிடாமல் இருக்க நிலவறையில் மூன்று கிழமை விரித்துக் காயவைத்தாள். பைன் காய்களைச் சும்மா வைக்க முடியாது. உள்ளே பூச்சி இருக்கும், ஈரத்தில் மூடிக்கொண்டும் இருக்கும். அவற்றைத் தட்டில் பரப்பி, மெல்லிய சூட்டில் அடுப்புக்குள் வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் செதில் செதிலாக விரியும். வீடெல்லாம் பிசின் மணத்தது.

"மத்தியானச் சாப்பாடு உதோ?" என்று மகேஸ்வரன் அடுப்பைத் திறந்து பார்த்துக் கேட்டார். "சம்பலோட தின்னலாமோ, சொதியோட தின்னலாமோ?"

"உங்களுக்கு எதோட தந்தாலும் தின்னுவீங்கள். கதவை மூடுங்கோ, சூடு போகுது."

ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு அண்ணனின் வீடியோ அழைப்பு வரும். அங்கே அப்போது பொழுது பட்டிருக்கும். அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. மகள் துர்க்கா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று போனைப் பிடித்துக்கொண்டிருப்பாள். தாயும் தகப்பனும் இல்லாத வீட்டில் நாகேஸ்வரியை வளர்த்தது இந்த அண்ணன்தான். கொழும்பு வரை கூட்டி வந்து விமானம் ஏற்றியதும் அவர்தான். அதற்குப் பிறகு முப்பத்து மூன்று வருடத்தில் இரண்டு தரம்தான் நேரில் கண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவள் ஒரு மரத்துண்டைத் தூக்கிப் போனுக்கு நேரே காட்டினாள்.

"என்னகா இது?" என்றார் அண்ணன். "விறகை மேசைக்கு மேலயா வைக்கிற? அடுப்புக்குள்ள வைக்கிறதுகா அது."

"இஞ்ச இதுதான் இப்ப ஸ்டைல், அண்ணன்."

"அப்ப நான் ரெண்டு கட்டு கட்டி அனுப்பிரிக்கலாம். கேட்டிருந்தா." சிரித்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. துர்க்கா போனைத் திருப்பிவிட்டாள். "மறுகா எடுப்பம் மாமி," என்றாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மகேஸ்வரன் அவளின் போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உம்மட போன் சார்ஜ் ஏறுதில்லை. கடையில குடுத்துத் திருத்திக்கொண்டு வாறன்."

"கலியாண நேரத்திலயோ?"

"ரெண்டு நாள்தானே. ஆரும் எடுத்தா என்ர போனுக்கு எடுப்பினம்."

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு, அவள் கேட்க முன்னரே அவர் சொன்னார்: "துர்க்காவோட கதைச்சனான். மச்சானுக்கு ஒக்சிசன் மாஸ்க் போட்டிருக்கினமாம். கதைக்க ஏலாது. ஆனா சுகமா இருக்கிறார்." அவள் நம்பினாள். நாற்பது கொப்புகளுக்குச் சின்ன விளக்குக் கம்பி சுற்ற வேண்டியிருந்தது. சமையலறையில் இருந்த றேடியோவும் அன்று காணாமல் போயிருந்தது. நிரூபன் தன் அறைக்குக் கொண்டுபோயிருப்பான் என்று நினைத்தாள். நிரூபன் போகிற வருகிற நேரமெல்லாம் அவளின் தோளைக் கட்டிப்பிடித்தான். கலியாணம் நெருங்குவதால் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை லெஸ்லி சாமான் ஏற்றுகிற வானைக் கொண்டுவந்தான். மன்னார்க்காரன், கத்தோலிக்க வேதக்காரன். நாலைந்து வருடமாக அவளின் அலங்காரச் சாமான்களை ஏற்றி இறக்குபவன்.

"அக்கா, பின்னுக்குப் பாத்தா மரம் ஏத்திற லொறி மாதிரிக் கிடக்கு. பொலிஸ் மறிச்சா என்னெண்டு சொல்லுறது? மாப்பிள்ளை வீட்டுச் சீதனம் எண்டோ?"

"வாயைப் பாராம ரோட்டைப் பார். உடைஞ்சா ஒண்டுக்கும் மாத்து இல்லை."

மார்க்கம் றோட்டில் பனி தூவிக்கொண்டிருந்தது. லெஸ்லி றேடியோவைப் போட்டான். ஒரு பாட்டு முடிந்து, நகைக்கடை விளம்பரம் ஒன்று போய், மரண அறிவித்தல் வந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. அவளும் முதலில் கவனிக்கவில்லை.

"மட்டக்களப்பைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட கணபதிப்பிள்ளை வீரக்குட்டி அவர்கள் கடந்த புதன்கிழமை காலமானார். அன்னார் துர்க்காவின் அன்புத் தந்தையும், கனடாவைச் சேர்ந்த நாகேஸ்வரியின் பாசமிகு சகோதரரும் ஆவார். அன்னாரின் பூதவுடல் நேற்று வியாழக்கிழமை நல்லடக்கம் செய்யப்பட்டது."

லெஸ்லியின் கை தானாகப் போய் றேடியோவை நிப்பாட்டியது. வானை ஒரு பிளாசாவுக்குள் திருப்பி நிறுத்தினான். கண்ணாடித் துடைப்பான் மட்டும் இரண்டு தரம் போய்வந்தது.

"அக்கா... உது உங்கட..."

"ஓம்."

"உங்களுக்குத் தெரியாதோ?"

போன், றேடியோ, ஒக்சிசன் மாஸ்க், நிரூபனின் கட்டிப்பிடிப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் மறைத்திருக்கிறார்கள். ஏன் என்பதை ஒருவரும் அவளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவளே வேறு ஆட்களுக்கு இப்படி மறைத்திருக்கிறாள்.

"வீட்டுக்குத் திருப்பட்டோ, அக்கா?"

"திருப்பினா என்ன நடக்கும், சொல்லு. எனக்குச் சாவுத் துடக்கு. ஐயர் மூண்டு நாள் எண்டுவார். சனம் முப்பத்தொண்டு எண்டும். எந்தக் கணக்கில பாத்தாலும் நாளைக்கு நான் மணவறைக்குக் கிட்டப் போகேலாது. மாப்பிள்ளைக்குத் தாய் இல்லையெண்டா கலியாணத்தைத் தள்ளி வைப்பினம். தள்ளி வைச்ச கலியாணத்துக்கு ஆரிலை பழி போடுவினம்? வரப்போற அந்தப் பிள்ளையிலை."

"எங்கட ஆக்களிலை உது இல்லை அக்கா. நாங்கள் பூசையை வைச்சிட்டு..."

"எங்கட ஆக்களிலை இருக்கே." அவள் சால்வையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "றேடியோவில நீ ஒண்டும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. வானை எடு."

மண்டபத்தில் முப்பத்திரண்டு மேசைகளும் வெள்ளைத் துணியோடு காத்திருந்தன. அவளும் லெஸ்லியும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனார்கள். முதலில் சாக்குத் துணி, அதற்கு மேல் மரத்துண்டு, பிறகு போத்தல், கொப்பு, சீடர் இலை, பைன் காய். மண்டபத்தில் நெருப்பு வைக்க விடமாட்டார்கள் என்பதால் பற்றரி மெழுகுவர்த்தி. லெஸ்லி கனமானவற்றை அவள் தூக்குமுன் ஓடிப்போய்த் தூக்கினான்.

பத்தாவது மேசையில் நிற்கும்போது தேனுகாவும் அவளுடைய பெரியம்மா புனிதவதியும் வந்தார்கள். தேனுகா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு ஓடிவந்து நாகேஸ்வரியைக் கட்டிப்பிடித்தாள். புனிதவதி மட்டும் போத்தலைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"உதென்ன, பட்ட கொப்பு? நல்ல காரியத்துக்கு ஆரும் பட்டதைக் கொண்டந்து வைப்பினமோ? சாக்கும் விரிச்சிருக்கு. அரிசி மூட்டை அவிழ்க்கப் போறியளோ?"

"பெரியம்மா, பிளீஸ். அதுதான் லுக்."

"லுக்கோ கிக்கோ, எனக்கு மனசுக்குச் சரியாப் படேல்லை."

இந்தக் கேள்வி வரும் என்று நாகேஸ்வரிக்குத் தெரியும். அதற்குப் பதிலை டிசம்பரிலேயே தயார் செய்திருந்தாள். ஒரு கொப்பை எடுத்து நகத்தால் தோலைச் சுரண்டினாள். உள்ளே பச்சையாக இருந்தது. "பட்டதில்லை அக்கா. குளிருக்கு இலை கொட்டினது. பாருங்கோ, உயிர் கிடக்கு."

புனிதவதி குனிந்து பார்த்துத் தலையாட்டினார். கொப்பை நீட்டிய கையை நாகேஸ்வரி மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பட்டது கொப்பில்லை. தான் துடக்கோடு நிற்பது புனிதவதிக்குத் தெரிந்தால் முப்பத்திரண்டு மேசையையும் இப்போதே வெளியில் தூக்கிப் போடச் சொல்லுவார். தெரிந்துகொண்டுதான் எல்லாவற்றிலும் கை வைக்கிறாள். அழுதால் கண் வீங்கும், நாளைக்கு வீடியோவில் தெரியும் என்று நினைத்து, பதினோராவது மேசைக்குப் போனாள்.

சனிக்கிழமை கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அவள் பட்டுச்சேலை உடுத்து, அறுகரிசி போட்டு வாழ்த்தி, கேட்ட இடத்தில் சிரித்தாள். வரவேற்பில் விளக்கைக் குறைத்தபோது மேசைக்கு மேசை சின்ன வெளிச்சங்கள் கொப்புகளுக்குள் தெரிந்தன. சனம் போன் பிடித்துப் படம் எடுத்தது. முந்நூறு பேருக்கு மேல் வந்து அவளோடு கதைத்தார்கள். ஊரில் அண்ணனுக்கு எப்படி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எத்தனை பேருக்குத் தெரியும் என்பது அதிலிருந்துதான் அவளுக்கு விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகேஸ்வரனும் நிரூபனும் அவளை இருத்தி வைத்தார்கள். இருவரும் குளித்திருந்தார்கள். நிரூபன் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான்.

"அம்மா, மாமாவுக்குக் கொஞ்சம் சீரியஸ் எண்டு..."

"சுத்தி வளையாதை மகன். வெள்ளிக்கிழமை றேடியோவில கேட்டனான்."

நிரூபன் அப்படியே நிலத்தில் குந்தி அவளின் மடியில் முகத்தை வைத்தான். அவள் அவனின் தலையைத் தடவினாள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் யோசித்துப் பார்த்து, தானும் இதைத்தான் செய்திருப்பேன் என்ற முடிவுக்கு வந்திருந்தாள்.

"போனைத் தாங்கோ. துர்க்காவோட கதைக்க வேணும்."

மகேஸ்வரன் மேல்மாடிக்குப் போய்ப் போனை எடுத்துவந்தார். அது கடைக்கே போகவில்லை. கொடுக்கும்போது அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "செவ்வாய்க்கிழமை துர்க்கா எடுத்தவள். நிலைமை சரியில்லையெண்டு சொன்னவள். எந்த நேரமும் செய்தி வருமெண்டுதான் அண்டைக்கே எடுத்து வைச்சனான்."

நாகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணன் செத்தது புதன்கிழமையெல்லே?"

"ஓம்."

"அப்ப செவ்வாய்க்கிழமை இருந்தவர்."

மகேஸ்வரன் கதவடிக்கு விலகிப் போனார்.

போனைத் திறந்ததும் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்தன. செவ்வாய் இரவு இரண்டு. புதன் விடிய நாலு. ஆறும் வீடியோ அழைப்புகள். ஆறும் அண்ணன் இருந்தபோது வந்தவை.

துர்க்கா எடுத்தவுடன் அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு சொன்னாள்: "அப்பா உங்களோட கதைக்க வேணும் கதைக்க வேணும் எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவர் மாமி. மாஸ்க்கைக் கழட்டி வைச்சுக்கொண்டு இருந்தவர். நான் மறுகா மறுகா எடுத்தன். பிறகு மாமா போன் எடுத்து, நீங்க கலியாண வேலையில நிக்கிறீங்க எண்டு சொன்னவர். அப்பாட்டச் சொன்னன். சரி, அவள் வேலையை முடிக்கட்டும் எண்டு சொன்னவர்."

கதவடியில் மகேஸ்வரன் நின்றுகொண்டிருந்தார். ஸ்பீக்கரில் துர்க்காவின் குரல் அவருக்கும் கேட்டது.

"ஓம் மகள்," என்றாள் நாகேஸ்வரி. "மேசை வேலையாப் போச்சு. அதுதான் எடுக்கேலாமப் போனது."

"பரவாயில்ல மாமி."

"என்ன கதைக்கவெண்டு கேட்டவர்?"

"தெரியா மாமி. நானும் கேட்டன். உனக்கில்ல, அவளுக்குத்தான் எண்டு சொல்லிட்டார்."

அழைப்பு முடிந்த பிறகும் அவள் போனைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். பிறகுதான் அழுகை வந்தது, மூன்று நாள் அடக்கியது எல்லாம் சேர்ந்து, அயல் வீட்டுக்குக் கேட்கிற அளவுக்கு. மகேஸ்வரன் வந்து சோபாவில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். அவள் அவரை எழும்பச் சொல்லவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை.