மாலை போட்ட கழுத்து

என் தம்பி கஞ்சாவுக்குப் போனதைக்கூட எங்கள் ஊர் மன்னித்திருக்கும். அதிலிருந்து அவன் வெளியே வர நினைத்ததைத்தான் இவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆர்.கே.பேட்டைப் பக்கம் விசைத்தறி ஓட்டியவன். ஆஸ்பத்திரியில் கிடந்து, மெலிந்து வீடு வந்து சேர்ந்ததும் மறுவாழ்வுக் குழுவிலிருந்து ஒரு அம்மா வந்து ஊர்க்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் கூட்டினார். "மருந்து பாதிதாங்க. மீதி உங்க கையில இருக்கு. மரியாதையா பேசுங்க. வேலைக்குக் கூப்பிடுங்க. பழசச் சொல்லிக் காட்டாதீங்க. ஒதுக்கி வெச்சா திரும்பவும் அங்கதான் போவாங்க" என்றார். எல்லோரும் அவர் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே தலையாட்டினார்கள். அவர் ஆட்டோ ஏறியதும் டீக்கடைக்காரர் ஆரம்பித்தார்: "கஞ்சா அடிக்கிறவனுக்கு மரியாத ஒண்ணுதான் கொறச்சல்." சிரித்தவர்களில் பாதிப் பேர் சாயங்காலமானால் ஒயின்ஷாப்பில் நிற்கிறவர்கள். அது வேறாம்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு தம்பிக்கு மாலை போட்டுவிட்டேன். மறுநாள் அதே டீக்கடைக்காரர் "வாங்க சாமி" என்று கிளாஸைத் தனியாகக் கழுவி டீ கொடுத்தார். தறிக்காரர் வீடு தேடி வந்தார். "சாமி, ஏன் சும்மா குந்திகினு கீறீங்க? நம்ம தறிய ஓட்டுங்க." தலை நரைத்தவர்கள்கூட 'ங்க' போட்டார்கள். பழசை ஒருவரும் எடுக்கவில்லை. மாலை போட்டவனைப் பழித்தால் சாமி கண்ணைக் குத்திவிடுமே என்ற பயம். அந்த அம்மா சொன்னதையெல்லாம் எங்கள் ஊர் ஒன்றுவிடாமல் செய்தது, தனக்கே தெரியாமல். தம்பி சாப்பிட்டான், தூங்கினான். கை நடுக்கம் நின்றது. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் இவர்கள் முகத்தைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது.

கிருத்திகையன்று மலையேறிக் காவடி செலுத்தி, மாலையைக் கழற்றிவிட்டு மொட்டைத் தலையோடு திரும்பினான். அடுத்த நாளே டீக்கடையில், "டேய் கஞ்சா, அந்தாண்ட நில்லு" என்று காகிதக் கப்பை நீட்டினார் அந்த மகான். தறிக்காரர், "வேல இருந்தா சொல்லி அனுப்புறேன்" என்றார். குழு அம்மா மறுபடி வந்தபோது மட்டும் இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்து, "நாங்கதாங்க கூடவே இருந்து தேத்தினோம்" என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டார்கள். வெட்கம் கெட்ட ஜென்மங்கள்.

அன்று சாயங்காலம், தம்பியோடு முன்பு கஞ்சா அடித்துக்கொண்டிருந்த ஒருத்தன் எங்கள் வாசலில் பைக்கை நிறுத்தி அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். தம்பியை அப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட வெளியில் மிச்சமிருந்தது அந்த ஒருத்தன்தான். தம்பி கதவு வரை போனான். கொஞ்சம் நின்றான். பிறகு கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தான்.

"அக்கா, எனக்கு மாலைய போட்டுவுடு."

"கிருத்திகதான் முடிஞ்சிபோச்சே. இப்ப என்னடா வேண்டுதல்?"

"வேண்டுதல்லாம் ஒண்ணும் இல்லக்கா. அவன் கூப்புட்டா போவாம இருக்கணும்னா வேற யாராவது கூப்புடணும் இல்ல?"

போட்டுவிட்டேன். மறுநாள் காலை "வாங்க சாமி" என்று கடையே எழுந்து வழிவிட்டது. திரும்ப எதற்கு மாலை என்று யாராவது கேட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பதில் சொல்ல வேண்டும் என்று நானும் கூடவே போயிருந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை.