வராந்தா வாசலில் மாட்டிய டியூப்லைட்

அன்று சாயங்காலம் வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, ஒயர் இழுக்க வந்த பர்மாக்காரர், நான். பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதான். ஒயர் அறுந்து யார் தலையிலாவது விழுந்துவிடும் என்று.

பர்மாவில், பபேடான் பேட்டையில் எங்களுக்கு மூன்றாவது மாடி. அப்போதெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் கரண்ட் இருக்காது. கீழே ஒருவர் ஜெனரேட்டர் வாங்கி, வீட்டுக்கு ஒரு விளக்கு என்று லைன் கொடுத்தார். நான் படிப்பதற்குத்தான் விளக்கு என்று அப்பா ஊருக்கெல்லாம் சொன்னார். நான் ஆறாவதோடு நின்றுவிட்டேன், அது அவருடைய நேரம்.

"வராந்தா வாசல் மேல மாட்டுவோம். உள்ளயும் வெளிச்சம், வெளியிலயும் வெளிச்சம்."

"வெளியில எதுக்குண்ணே? அடுப்படியில மாட்டுங்க. அண்ணி பாவம், மெழுகுவத்தியில சமைக்கிறாங்க," என்றாள் அத்தை.

"என்னைப் பாவம்னு நீ சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன்," என்றாள் அம்மா.

அப்பா விடவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இந்த ஊர்த் தெருவிளக்குகளுக்கு ஏணி போட்டு ஏறி எண்ணெய் ஊற்றியவர் எங்கள் முன்னோரில் ஒருவர். "நம்ம ஆளு விளக்கேத்துன பொறவுதான் இந்த ஊரே பொழுது சாஞ்சு வெளிய நடமாடுச்சு!"

"அதுல ஒரு படி எண்ணெய வீட்டுக்குக் கொண்டாந்தாரா?"

அம்மா கேட்டும் வராந்தாவே ஜெயித்தது.

இருட்டு நாட்களில் அத்தை வராந்தாவில்தான் நிற்பாள். தெரு குறுகல். எதிர் வராந்தாவில் துணிக்கடைப் பாய் வீட்டு அண்ணன் நிற்பார். ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும்.

"இன்னைக்கு என்ன குழம்பு?"

"சொன்னா வந்துருவீங்களாக்கும்?"

அத்தை சிரிப்பாள். அந்தச் சிரிப்பு பகலில் அவளிடம் கிடையாது. எட்டிப் பார்த்து விழுந்துவிடுவாளோ என்று அந்த ஊர்ப் பெண்கள் மாதிரி அவள் கட்டியிருந்த லுங்கியை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அன்று விளக்கை மாட்டி முடித்ததும் ஜெனரேட்டர் உறுமியது. "மீ லாபி!" விளக்கு வந்துவிட்டது என்று தெருவே பர்மியில் கூவியது. கூவி முடித்ததும் எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். எதிரே அவர், கம்பியைப் பிடித்தபடி. இந்தப் பக்கம் அத்தை, தலையில் பூவோடு. அவருடைய அம்மா பின்னால் வந்து நின்று அத்தையை ஏற இறங்கப் பார்த்தார். அத்தை உள்ளே போய்விட்டாள்.

அதன்பின் அவள் வராந்தாவுக்கு வரவில்லை. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதாம். அவளுக்குக் கண்ணே போய்விடுமோ என்று நான் கும்பிடாத சாமி இல்லை. அப்பா வாங்கித் தந்த சொட்டு மருந்தை அவளும் ஒழுங்காக விட்டுக்கொண்டாள்.

இப்போதும் இங்கே கரண்ட் போகிறது. ஆனால் வீட்டுக்கு வீடு பேட்டரி, ஆளுக்கு ஆள் போன். அந்த மாதிரி ஒரு இருட்டு, அதில் அந்த மாதிரி ஒரு சிரிப்பு, ஒரே ஒரு சாயங்காலம் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் ஜெனரேட்டர் நின்றுபோனது. தெருவே அலுத்துக்கொண்டது. அத்தை மட்டும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். லேசாகச் செருமினாள்.

எதிரிலிருந்து வந்தது அவர் அம்மாவின் குரல். "அவன் மாண்டலே கடைக்குப் போயிட்டாம்மா. இனி அங்கதான் இருப்பான்."

"சரிங்கம்மா," என்றாள் அத்தை.

கொஞ்ச நேரத்தில் விளக்கு வந்தது. அத்தை உள்ளே போகவில்லை. முகத்தில் வெளிச்சம் விழ அங்கேயே நின்றாள். அத்தைக்குக் கண் சரியாகிவிட்டது என்று அப்பாவிடம் சொல்ல நான் குதித்துக்கொண்டு ஓடினேன்.