மேலூர் பஸ்ஸில் போன ஏழு எழுத்துகள்

கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் அவனியாபுரத்தில் நியான் விளக்குப் பட்டறை போட்டோம். அவர் கண்ணாடிக் குழாயைத் தீயில் வாட்டி எழுத்தாக வளைப்பார். நான் பம்பை ஓட்டி, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் நியானை விட்டு வாயை அடைப்பேன். "இது யார் சோலிக்கும் போகாத வாயு. எதோடயும் சேராம உள்ளேயே கெடக்கும்" என்பார் அவர். கரண்ட் பட்டால் மட்டும் செக்கச்செவேலென்று எரியும்.

முதல் ஆர்டர் மேலூரிலிருந்து வந்தது. 'மிட்டாய்க் கடை', மொத்தம் ஏழு எழுத்து. கடை திறக்கிற அன்று, சொல்லிவைத்த வேன் வரவில்லை. வேறு வழியில்லாமல் எழுத்துகளைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டோம்.

முதல் குலுக்கலிலேயே எனக்கு உயிர் போய்விட்டது. பக்கத்து சீட்டு அம்மா, "என்னம்மா அது, பிள்ளையாட்டம் அணைச்சிருக்க?" என்றார்.

"கண்ணாடி எழுத்துங்க."

"உள்ள என்ன?"

"ஒரு மாதிரி காத்து."

"காத்துக்கா இம்புட்டுப் பாடு?" என்றவர், மடியில் இருந்த குழந்தையைப் புருஷனிடம் தள்ளிவிட்டு 'ட்' எழுத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்கள். தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் 'டை' யை வாங்கிக்கொண்டு, "கை வேர்க்குது தாயி, பரவாயில்லையா?" என்று கேட்டபடியே வந்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்தார். "அண்ணே, பள்ளம்" என்று அவர் குரல் கொடுத்ததும் ஏழு பேரும் ஒன்றாக எழுத்தைத் தூக்கிப் பிடிப்பார்கள். பின்னால் திரும்பினால் 'கடாட்மி' என்றோ என்னவோ ஒரு வார்த்தை அந்தரத்தில் ஆடும். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என் கணவர் மட்டும் விளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற டிரான்ஸ்பார்மர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேர்த்து வழிந்தார்.

மேலூரில் இறங்கியவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. என் கணவர் ஏணியில் ஏறி எழுத்துகளை மாட்டி முடிக்கும்வரை கடை வாசலிலேயே நின்றார்கள். இருட்டத் தொடங்கியதும் கடைக்காரர் சுவிட்சைப் போட்டார். லேசாகத் துடித்து, ஏழும் ஒன்றாகப் பற்றிக்கொண்டன. தெருவே சிவந்துபோனது. "என் மடியில வந்தது அந்த ரெண்டாவது" என்று குழந்தைக்காரம்மா முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவர் ஓடிவந்து, "வண்டி எடுக்கணும், எனக்காக இன்னொரு தடவ போடுங்க" என்றார். கடைக்காரர் அணைத்து அணைத்துப் போட்டார். பட்டறையில் எத்தனையோ முறை எரியவிட்டுப் பார்த்ததுதான், ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அதே பஸ்ஸில் திரும்பினோம். கை நிறைய அல்வாப் பொட்டலம். ஒத்தக்கடை வருவதற்குள்ளேயே அவர், "அந்த மருந்துக்கடைக்கு ஒண்ணு, அந்த ஓட்டலுக்கு ஒண்ணு" என்று ஜன்னல் வழியாகக் கைகாட்ட ஆரம்பித்துவிட்டார்.