தேர் வந்த அன்று அப்பாவின் கைகள்

கொட்டகலையில் பஸ் நின்றபோது எங்கிருந்தோ தப்பு மேளச் சத்தம் கேட்டது.

1950களில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தப்படித்தவர் அப்பா. தோலைத் தீயில் காய்ச்சும் வாசனை எங்கள் தொழிலாளர் லயத்து அறையை விட்டுப் போனதே இல்லை. எனக்கு எட்டு வயதானபோது அவர் ஞானஸ்நானம் பெற்றார். அந்த வருடம் மாரியம்மன் தேருக்கு அடிக்க மறுத்தார்.

“நீங்க அடிக்காம தேரு எப்படிண்ணே போகும்?” சித்தப்பா அழாத குறையாகக் கேட்டார்.

“எனக்கும் ஆசையாத்தான் இருக்கு தம்பி. ஏசுவுக்கு வாக்குக் குடுத்துட்டேனே.”

அதன்பிறகு சித்தப்பா எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

தேரன்று சித்தப்பாவே அடித்தார். தாளம் பிசகியது. ஒவ்வொரு பிசகுக்கும் வீட்டுக்குள் அப்பாவின் தோள் துடித்தது. சத்தம் ஓயும்வரை இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்தி வைத்திருந்தார்.

பஸ் நகர்ந்த பிறகுதான் பார்த்தேன்: என் கைகளும் தொடைக்கடியில் இருந்தன.