செல்லூர் ஸ்வர்ணா வெட்டிய மூன்று ஜோடி

செல்லூர் ஸ்வர்ணாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டத் தெரியாதவளா ரேஸ் காருக்கு கியர் வெட்டினாள் என்று பிறகு யாரும் மூக்கை நீட்டக்கூடாது. கத்தி அடிக்கிறவன் எல்லாம் கசாப்புக்கடையா வைத்திருக்கிறான்?

அப்பா இறந்தபின், விசைத்தறிகளுக்குப் பல்சக்கரம் வெட்டும் பட்டறையை அவள்தான் நடத்தினாள். வாசல் இரும்புச் சட்டத்தில் 'ஸ்வர்ணா கியர் ஒர்க்ஸ்' என்று தகர போர்டும் மாட்டினாள். ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அண்ணன் ஸ்ரீநாத்துக்கு அந்தப் போர்டைக் கண்டாலே ஆகாது. பொம்பளை பேரில் பட்டறையா என்று நாலு பேர் கேட்கிறார்களாம். அந்த நாலு பேரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

தொண்ணூற்றொன்பதில் வாடிப்பட்டி அருள்பாண்டி தன் பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரோடு வந்தார். சோழவரத்தில் நடக்கும் கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்தில் அது பத்தொன்பது வினாடிக்குக் கீழே இறங்கவே இல்லை. எல்லோரும் இன்ஜினை மாற்றச் சொன்னார்கள். ஸ்வர்ணா கியர்பாக்ஸை இறக்கிப் பல்லை எண்ணினாள்.

"இன்ஜின் நல்லாத்தேன் இருக்குண்ணே. இது ஹைவேயில நிதானமா போறதுக்கு வச்ச கியரு. சக்கரத்தச் சுத்துற கடைசி ஜோடிப் பல்ல மட்டும் மாத்துனாப் போதும், பதினெட்டுக்குக் கீழ வந்துரும்."

ஸ்ரீநாத் வீட்டில் சௌராஷ்டிரத்தில்தான் சண்டை போடுவான். அன்று அருள்பாண்டிக்கும் புரியட்டும் என்று தமிழில் சொன்னான். "வரலைன்னா போர்டைக் கழட்டிருவேன்."

"கழட்டிக்க. வந்துருச்சுன்னா அப்புறம் நீ அதத் தொடக்கூடாது."

தறிக்குச் சக்கரம் கேட்டால் அவள் ஒன்று வெட்ட மாட்டாள். கேட்டது ஒன்று, ஒரு பல் கூட ஒன்று, ஒரு பல் குறைய ஒன்று. மழைக்கு நூல் ஒரு மாதிரி, சித்திரை வெயிலுக்கு வேறு மாதிரி. எது பொருந்தும் என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். காருக்கும் அப்படியே மூன்று ஜோடி வெட்டினாள்.

"ஒத்தக் காருக்கு எதுக்கும்மா மூணு?" என்று அருள்பாண்டி சிரித்தார். அவள் மூன்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டு சோழவரத்துக்குக் கிளம்பினாள்.

காலை ஓட்டத்தில் தப்பு நடந்தது, அவளுடைய தப்புதான். தறிக்காரர்களுக்கு எதையும் நெருக்கி நெய்தால்தான் திருப்தி. சக்கரத்தில் பல் குறைந்தால் நெசவு நெருங்கும்; அந்தப் புத்தியில் பல் குறைந்த ஜோடியைப் போட்டிருந்தாள். கார் பாய்ந்து கிளம்பியது. ஆனால் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாவது கியர் அலறி, நான்காவதற்கு மாற்ற வேண்டியதாயிற்று. பத்தொன்பது புள்ளி இரண்டு. முன்பைவிட மோசம். அருள்பாண்டி நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஸ்ரீநாத்திடம் புலம்பினார்.

திரும்பி வந்தபோது காருக்கு அடியில் ஜாக்கி இருந்தது.

"கடைசியா எங்கண்ணே கியர் மாத்துனீங்க?"

"கோட்டுக்கிட்டக்க. அதுலதான் போச்சு."

"அப்ப இதவிட ஒரு பல்லு கூட, நடு ஜோடிய வச்சாச் சரியாயிரும். மூணாவதுலயே கோட்டத் தாண்டலாம். ஸ்பேனர எடுங்க."

பக்கத்து ஷெட்காரர் ஒருவர், "ஏம்மா, இது தறி இல்ல" என்றார்.

"தெரியும். தறியா இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பேன்."

இரண்டரை மணி நேரம், அந்த வெயிலில், மல்லாந்து படுத்தபடி நடு ஜோடியை மாட்டினாள். சாயங்கால ஓட்டத்தில் நான்காவது கியருக்கு வேலையே வரவில்லை. பதினேழு புள்ளி எட்டு. தறி இல்லை என்றவர் மிச்சமிருந்த இரண்டு ஜோடியையும் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் செல்லூர் வந்தால் வாசலில் போர்டு இல்லை. காலை போனை மட்டும் கேட்டுவிட்டு ஸ்ரீநாத் கழற்றி உள்ளே சாத்தியிருந்தான். அவள் பந்தய நேரம் அச்சடித்திருந்த சீட்டை அவன் கையில் கொடுத்தாள். போர்டைத் தூக்கி வந்து சட்டத்தில் வைத்தாள். ஸ்க்ரூவைத் தேடவில்லை, வெல்டிங் மெஷினை இழுத்து வந்தாள். நான்கு மூலையிலும் பெயிண்ட் கருகிப் புகைந்தது.

ஸ்ரீநாத் சீட்டும் கையுமாக நின்றான். "இப்பிடிப் பத்த வச்சா அப்புறம் எப்பிடிக் கழட்டுறது?"

அவள் கறுப்புக் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை.

"பட்டறையோட சேத்துத்தேன்."