சிவப்பு மை படாத ஏழு பெயர்கள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் என் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய பிழை கோபத்தில் செய்ததல்ல. ஆற அமர யோசித்து, ஒரு நாள் முழுக்கத் திட்டம் போட்டுச் செய்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

தர்மபுரத்தில் ஒரு முன்பள்ளிக்கு நான் பொறுப்பாசிரியையாக இருந்தேன். சண்டை நின்று, பாதை திறந்து, சனம் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் போய்வரத் தொடங்கியிருந்த காலம். முன்பள்ளி என்றதும் பெரிதாக ஒன்றையும் நினைத்துவிட வேண்டாம். அரைச்சுவர், கிடுகுக் கூரை, நான்கு பாய், ஒரு கரும்பலகை, முற்றத்து மரத்தில் ஒரு ரயர் ஊஞ்சல். பத்து மணிக்கு இலைக்கஞ்சி. தாய்மார் முறை வைத்து வந்து காய்ச்சுவார்கள். பிள்ளைகள் முப்பது பேர், பார்க்க நாங்கள் இரண்டு பேர்.

மற்றவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். சொந்தமில்லை. மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அவள் பிறந்தது தர்மபுரத்தில்தான் என்றாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. நான் 'ஓம்' என்பேன், அவள் 'ஆமா' என்பாள். பிள்ளைகள் இரண்டையும் பழகிவிட்டார்கள். அவளுடைய புருசன் விறகுக்குப் போன இடத்தில் மிதிவெடியில் ஒரு காலை இழந்தவர். நான்கு வயதில் ஒரு மகள். அவளும் எங்களிடம்தான் வந்தாள்.

இந்த வேலையில் என்னைவிட அவள் கெட்டிக்காரி. அப்போது சொல்ல வாய் வரவில்லை, இப்போது சொல்கிறேன். அழுகிற பிள்ளையை நான் அதட்டுவேன். அவள் பக்கத்தில் போய்க் குந்தித் தானும் அழுவாள். பிள்ளை தன் அழுகையை விட்டுவிட்டு அவளைத் தேற்றத் தொடங்கும். நான் அதையே ஒருமுறை செய்து பார்த்தேன். மூன்று பிள்ளைகள் சேர்ந்து அழுததுதான் மிச்சம்.

எங்களுக்குச் சம்பளம் என்று ஒன்றில்லை. பெற்றோர் முடிந்ததைத் தருவார்கள். அறுவடை நேரம் நெல் வரும், மற்ற நேரம் முருங்கைக்காயும் வரும். எனக்கு அண்ணன்மாரின் உதவி இருந்தது. தங்கச்சிக்கு அப்படி யாரும் இல்லை.

அந்த வருடம் ஒரு ஏஜென்சிக்காரர் ஊருக்குள் வந்துபோகத் தொடங்கினார். குவைத்தில் ஒரு வீட்டில் கைக்குழந்தை பார்க்க ஆள் தேவையாம். பிள்ளைகளோடு பழகியவள் என்றால் கேள்வியில்லாமல் எடுப்பார்களாம். எனக்குத் தெரிய வந்தபோது தங்கச்சிக்கு பாஸ்போர்ட் வந்து, மெடிக்கலும் முடிந்திருந்தது.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? சொந்தப் பிள்ளையை விட்டிட்டு ஆரோ ஒருத்தரின்ர பிள்ளைக்குப் பால் கரைக்கப் போறீரோ?" என்று பாய்ந்தேன்.

"இங்கயும் ஊரான் புள்ளயத்தானே பாக்குறேன் டீச்சர். அங்க அதுக்குச் சம்பளம் இருக்கு."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் கிளிநொச்சியில் கூட்டம் என்று கடிதம் வந்தது. இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். கல்விக் கந்தோரில் அதிகாரியாக இருந்த ஒரு அம்மா, பருத்திச் சேலை கட்டி, கண்ணாடியை மூக்கில் இறக்கி விட்டுக்கொண்டு கதைத்தார்.

"பழகின பிள்ளையள் ஒவ்வொருத்தரா விட்டிட்டுப் போயினம். கடைசியில குஞ்சுகளைப் பார்க்க ஆளில்லை. அதுக்குத்தான் அரசாங்கம் இந்த ஒழுங்கைச் செய்யுது. நியமனக் கடிதம் தருவம். மாதாமாதம் கொடுப்பனவு வரும். சனிக்கிழமையில பயிற்சி. நீங்கள் நிண்டு பிடிக்கோணும், அவ்வளவுதான்."

நிபந்தனை ஒன்று இருந்தது. பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியை. அவரே ஒவ்வொரு முன்பள்ளிக்கும் வந்து, தலை எண்ணிப் பார்த்துத்தான் பெயர் எழுதுவார். எங்களுக்கு முப்பது பேர். சரியாக இரண்டு ஆசிரியை. எனக்கு அங்கேயே எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது.

திரும்பி வரும்போது பஸ் பரந்தன் சந்தியைத் தாண்டியது. தங்கச்சி கேட்டாள், "எம் பேரு போட்டு லெட்டர் வருமா டீச்சர்?"

"வராமல்? உம்மட பேர் போட்டு, கந்தோர் முத்திரை குத்தித்தான் வரும்."

"வந்துச்சுன்னா நான் போகல. பாஸ்போர்ட்ட திருப்பி வாங்கிக்கிறேன்."

பிரசாவுரிமைக்காகத் தாத்தா காலத்திலிருந்து கந்தோர் கந்தோராக அலைந்த குடும்பம் அது. அவர்களுக்கு வந்த கடிதங்களெல்லாம் 'இல்லை' என்று சொன்ன கடிதங்கள். 'ஓம்' என்று சொல்லும் ஒரு கடிதத்துக்காக அவள் ஏஜென்சிக்காரரிடம் மாத முடிவுவரை தவணை கேட்டாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். அந்த அம்மா எங்களிடம் வருவதற்குக் குறித்த நாள் மாத முடிவுக்கு ஒரு கிழமை முந்தி. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

பிறகு அம்மாள் வந்தா.

கொப்புளிப்பான் என்ற அம்மை வருத்தத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முதலில் வந்தது தங்கச்சியின் மகளுக்கு. அவளுக்குத் தண்ணீர் வார்த்து முடிந்து, தங்கச்சியும் மகளும் திரும்பி வருவதற்குள் வேறு ஏழு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். ஏழு வீட்டு வாசல் படலையிலும் வேப்பிலை. அந்த வீடுகளுக்கு நாங்கள் போவதில்லை, அவர்களும் வெளியே வருவதில்லை. வருத்தத்தின் பெயரைக்கூட உரத்துச் சொல்வதில்லை.

வரவு இடாப்பில் வராத பிள்ளைக்குச் சிவப்பு மையில் வட்டம் போடுவது வழக்கம். முதல் நாள் நான் பேனையை எடுத்ததும் தங்கச்சி என் கையைப் பிடித்தாள்.

"வேணாம் டீச்சர். அம்மா வந்து இருக்கிற புள்ளைக்குச் செவப்பு மை போடக்கூடாது."

"அப்ப என்னத்தைப் போடுறது?"

"சும்மா விடுங்க. தண்ணி வாத்ததும் பாத்துக்கலாம்."

படித்தவள் நான், சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. நானும் அம்மாளுக்குப் பயந்தவள்தான். ஏழு பெயர்களுக்கு எதிரே கட்டங்களை வெறுமையாக விட்டேன். நாளுக்கு நாள் அந்த வெறுமை நீண்டுகொண்டு போனது.

கந்தோரிலிருந்து அந்த அம்மா வருவதற்கு முதல் நாள் வரிசையை எண்ணினேன். இருபத்து மூன்று. முப்பதுக்கு ஏழு குறைவு. இருபத்து மூன்றுக்கு ஒரு ஆசிரியைதான். அது நான்தான். தங்கச்சி விமானம் ஏறிவிடுவாள்.

வேலிக்கு மறுபக்கம் பள்ளிக்கூடம். முதலாம் வகுப்பு ஆசிரியை என் சிநேகிதி. அவளிடம் ஓடினேன்.

"நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு ஏழு பிள்ளையளைத் தாரும். போன வருசம் என்னட்டை இருந்த பிள்ளையள்தானே."

"உமக்கென்ன, மண்டை கழண்டிட்டுதோ?" என்றாள். ஆனாலும் தந்தாள்.

காலையில் தங்கச்சிக்கு விசயத்தைச் சொன்னேன். அவளுக்கு முகம் மாறியது. "வேணாம் டீச்சர். உள்ளதச் சொல்லிருவோம்" என்றாள். "உள்ளதைச் சொன்னா உம்மை ஆர் எழுதுவினம்? நீர் பேசாமல் இரும்" என்று வாயை அடைத்தேன். இடாப்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஏழு பேரின் சப்பாத்தையும் கழற்றி, வெள்ளைச் சட்டைகளை வெளியே இழுத்து விட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒருவர் விட்டு ஒருவராக இருத்தினேன். மூக்கில் கொஞ்சம் மண்ணும் பூசியிருப்பேன், நேரம் போதவில்லை.

ஒன்பதரை மணிக்கு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அந்த அம்மா படியில் கால் வைத்தார். என் சொந்தப் பிள்ளைகளில் ஒன்று பாயில் உருண்டுகொண்டிருந்தது, ஒன்று பென்சிலைச் சப்பியது, ஒன்று அவரைக் கண்டதும் அழத் தயாரானது. இரவல் பிள்ளைகள் ஏழு பேரும் விறைப்பாக எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒரே குரலில் "வணக்கம் மிஸ்!" என்றார்கள். உட்காரச் சொல்லும்வரை இருக்கவும் இல்லை. பள்ளிக்கூடம் ஒரே வருடத்தில் அவர்களைத் திருத்தியிருந்தது.

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நல்ல பிள்ளையள்" என்றார். எண்ணினார். முப்பது. கதிரையில் அமர்ந்து, பையைத் திறந்து, படிவத்தை எடுத்தார். என் பெயரை எழுதினார். தங்கச்சியின் பெயரைக் கேட்டு முதலெழுத்தைப் போட்டார். நான் கஞ்சிக்கு ஆள் அனுப்பினேன்.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பால் இடைவேளை மணி அடித்தது.

ஏழு பேரும் எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. அரைச்சுவரைப் பாய்ந்து, வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து, பறந்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் திரும்பி ஓடி வந்து தன் சப்பாத்தை எடுத்துக்கொண்டு, எனக்கு "போயிட்டு வாறன் ரீச்சர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஐயோ கடவுளே. நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"இடாப்பைக் கொண்டு வாரும்" என்றார் அந்த அம்மா.

கொண்டு வந்தேன். வெறுமையான கட்டங்களில் விரலை வைத்து, "இந்த ஏழு பேரும் ஆர்? உண்மையில இருக்கிற பிள்ளையளோ?" என்றார்.

"ஓம் மிஸ். சத்தியமா இருக்கினம். அம்மாள் வருத்தம்."

"அப்ப ஏன் வரவில்லை எண்டு போடேல்லை?"

தங்கச்சிதான் முன்னுக்கு வந்தாள். மகளைக் கையில் பிடித்துக் கூட்டி வந்து, சட்டைக் கையை மேலே உயர்த்தி, ஆறிய தழும்புகளைக் காட்டினாள்.

"என் புள்ளைக்குத்தான் மொதல்ல வந்துச்சு மேடம். மத்த ஏழு வீட்டுலயும் வேப்பில கட்டியிருக்கு. வாங்க, தூரத்துல நின்னு காட்டுறேன்."

அந்த அம்மா ஒரு அடி பின்னுக்கு வைத்தார். "எனக்கும் வீட்டில கைக்குழந்தை இருக்கு பிள்ளை. நான் அங்க வரேலாது." பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்.

"இப்ப இந்தப் பக்கமெல்லாம் இதே வருத்தம்தான். போன இடமெல்லாம் பாதிப் பிள்ளையள். வருத்தம் எண்டு எழுதிப்போட்டு இடாப்பில இருக்கிற கணக்குக்குத்தான் பேர் எழுதிக்கொண்டு வாறன். நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் காணும். இப்ப நான் என்னெண்டு உம்மை நம்புறது?"

அவர் பொல்லாதவர் இல்லை. தங்கச்சியின் முதலெழுத்தை ஒரு கோட்டால் வெட்டி, கீழே அவளுடைய பெயரையும் தகப்பன் பெயரையும் கேட்டுக் குறித்து, 'இரண்டாவது ஆசிரியை: அடுத்த பள்ளித் தவணையில் மீளப் பார்க்கப்படும்' என்று எழுதினார். கஞ்சி குடிக்காமல் போனார்.

அன்று நான் ஏசாத ஆளில்லை. சிநேகிதியை, மணியடித்தவரை, கோதாரி பிடித்த சட்டத்தை. தங்கச்சி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "விடுங்க டீச்சர். எனக்காகத்தானே செஞ்சீங்க" என்றாள். அவள் என்னைத் திட்டித் தீர்த்திருந்தால் இத்தனை வருடம் இது நெஞ்சில் கிடந்து அறுத்திருக்காது.

ஏஜென்சிக்காரர் இன்னொரு தவணை தரவில்லை. போகிற அன்று காலையிலும் அவள் முன்பள்ளிக்கு வந்தாள். முறைக்கு வந்த தாய்மாரோடு சேர்ந்து கஞ்சிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மகள் ஊஞ்சலில் இருக்கும்போது, "பாப்பாவப் பாத்துக்கங்க டீச்சர்" என்று என் கையைப் பிடித்துவிட்டு, படலையைத் திறந்து போனாள். மகள் வந்து "அம்மா எங்க?" என்று கேட்டபோது, கடைக்குப் போய்விட்டதாகச் சொன்னேன். அந்தப் பொய் அன்று பின்னேரம்வரைதான் தாங்கியது.

அடுத்த தவணை அந்த அம்மா சொன்னபடியே வந்தார். இம்முறை முன்கூட்டிக் கடிதமும் போடவில்லை. பிள்ளைகள் யாரும் எழுந்து வணக்கம் சொல்லவில்லை, ஒருவன் அவருடைய பையை இழுத்தான். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். முப்பதாவது தலை தங்கச்சியின் மகளுடையது. வரவு இடாப்பிலும் முப்பது. "இப்ப சரி" என்று ஒப்பமிட்டார். தங்கச்சி எங்கே என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேர் அப்பவே மேலிடத்துக்குப் போயிட்டுது பிள்ளை. கடிதம் அந்தப் பேரிலதான் வரும். வேற ஆளெண்டா முதலில இருந்து தொடங்கோணும்" என்றார்.

கடிதம் வந்தது. தங்கச்சியின் பெயர், தகப்பன் பெயர், கீழே ஊதா நிறத்தில் கந்தோர் முத்திரை. கூடவே ஒரு தாளும் இருந்தது. நியமனத்தை ஏற்கவில்லை என்றால் பொறுப்பாசிரியை காரணம் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும்.

பேனையை எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். தங்கச்சியின் மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "இது என்னா டீச்சர்?" என்றாள்.

"உங்கட அம்மான்ர பேர் குஞ்சு."

"எங்க?"

காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். நான் அவளுடைய கைக்குக் கீழே இருந்த மற்றத் தாளில், 'காரணம்' என்ற இடத்தில், 'சிறு பிள்ளை பராமரிக்கும் வேலை கிடைத்து வெளிநாடு சென்றுவிட்டார்' என்று எழுதி ஒப்பமிட்டேன்.