பின்சீட்டு மதிப்பெண்

பணிமனையில் எல்லோரும் அவரை ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் ஹாரனை முந்திக்கொண்டு அவர் வாய் அடிக்கும் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். வெளியூர் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷமாக டிரைவர். முதுகுக்குப் பின்னால் கம்பித் தடுப்பு, அதில் 'ஓட்டுநரிடம் பேசாதீர்' என்று பலகை. எவன் வாந்தி எடுத்தாலும், எந்தக் குழந்தை அழுதாலும் அது கண்டக்டர் பாடு.

காரில் அந்தத் தடுப்பு கிடையாது.

லீவு வந்தால் ஊரே பயணம் கிளம்பும். அவருக்கு அப்போதுதான் டபுள் டியூட்டி. பிள்ளைகள் பிறந்ததிலிருந்து மச்சான் காரில்தான் போய் வந்தார்கள். இந்த வருஷம் மேலாளரோடு மல்லுக்கட்டி நாலு நாள் லீவு வாங்கி, பழைய கார் ஒன்றையும் தேற்றி, "என் பிள்ளைங்க என் வண்டியிலதான் வருவாங்க" என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நீங்க கத்துற கத்துல பிள்ளைங்க மிரண்டுச்சுன்னா, பாதி வழியில, கூடவே வர்ற எங்கண்ணன் வண்டியில ஏத்தி விட்டுருவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

ஒன்பது மணி நேர ஓட்டம். முதல் மணி நேரத்திலேயே "வந்தாச்சாப்பா?" ஏழு தடவை. ஆறு வயசுப் பையன் ஜன்னலை ஏற்றினான், இறக்கினான். பதினொரு வயசு மகள் அவனைக் கிள்ளினாள்.

"வெளிய பாருங்க. மரம், மாடு எல்லாம் இருக்கு."

"பாத்தாச்சு."

"கிளட்ச்னா என்னன்னு தெரியுமா? அப்பா சொல்றேன் கேளு."

"எனக்குத் தூக்கம் வருதுப்பா" என்றான் பையன்.

அவருக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்து ஒரு லாரி கை காட்டாமல் குறுக்கே திரும்பியது. தலையை வெளியே நீட்டி, "அறிவிருக்கா?" என்று ஒரு போடு போட்டார். பின்னால் கிசுகிசுப்பு. அடுத்து ஒரு பைக்காரன். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

"எனக்கு ரெண்டு!" என்று மகள் கத்தினாள்.

கண்ணாடியில் பார்த்தார். அவள் மடியில் நோட்டு. அதில் கோடு போட்டு இரண்டு கட்டம்.

"என்னடி அது?"

"விளையாட்டுப்பா. காலையிலேர்ந்து நீங்க திட்டுனதெல்லாம் எழுதி வச்சிருக்கேன். அடுத்து எப்படித் திட்டுவீங்கன்னு முதல்லயே சொல்லிடணும். 'அறிவிருக்கா'ன்னா ஒண்ணுதான், அது எல்லாருக்கும் வரும். 'கண்ணு பிடரியிலயா'ன்னா ரெண்டு. 'வீட்ல சொல்லிட்டு வந்தியா'ன்னா அஞ்சு."

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும்தான் அவருக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் இல்லாமல் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவன், சொந்தப் பிள்ளைகளுக்குப் பொம்மையா? வாயை இறுக மூடினார். டிராக்டர் குறுக்கே வந்தது. மூச்சு விடவில்லை. ராங் சைடில் ஒருத்தன் வந்தான். அதற்கும் பேச்சில்லை.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?" மனைவி பயந்தே போனாள்.

விளையாட்டு நின்றதும் பின்சீட்டில் போர் தொடங்கியது. நோட்டு கிழிந்தது. கையில் பல் பதிந்தது. அழுகையோடு வண்டி பெட்ரோல் பங்க்கில் நுழைந்தபோது, முன்னாலேயே வந்து நின்ற மச்சான் சிரித்தார்.

"என்ன மாப்ள, ஒரே ஒப்பாரியா இருக்கு? என் வண்டியில டிவி இருக்கு. வாங்கடா, படம் பாத்துட்டே போலாம்."

மனைவி வாய் திறப்பதற்குள் அவரே பின்கதவைத் திறந்தார். "போங்க. நான் ஒண்ணும் கோமாளி இல்ல."

பையன் ஒரே தாவலில் போய்விட்டான். மகள் இறங்கி, அங்கேயே நின்றாள்.

"இனிமே திட்டவே மாட்டீங்களாப்பா?"

"ஏன், இன்னும் சிரிக்கணுமா?"

"உங்களைப் பாத்து சிரிக்கல. மாமா என்ன பேசுவார்னு எனக்கு எப்பவும் தெரியும். நீங்க என்ன பேசுவீங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. சரியா சொன்னேன்ல, அந்த சந்தோஷம்."

அவர் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். மகள் முன்கதவைத் திறந்து அம்மாவைப் பின்சீட்டுக்குத் தள்ளிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதற்குள் மச்சான் இண்டிகேட்டர் போடாமல், பின்னால் பார்க்காமலே வண்டியை வளைத்து எடுத்தார். இன்னும் ஒரு சாண். பழைய காரின் விளக்கு போயிருக்கும்.

"யோவ்! இண்டிகேட்டர் என்ன அலங்காரத்துக்கா வச்சிருக்க? புள்ளைய உள்ள வச்சுக்கிட்டு எவனாவது இப்படி எடுப்பானா?"

பங்க்கே திரும்பிப் பார்த்தது. மச்சான் முகம் கறுத்துப் போனது. அந்த வண்டியின் கதவு திறந்து, பையன் வெறுங்காலோடு ஓடிவந்தான்.

"அக்கா, இது புதுசு! இதுக்கு எத்தனை?"

"பத்து" என்றாள் அவள்.

"செருப்பு எங்கடா?" என்று அதட்டினார்.

"மாமா வண்டியில."

அதே கோபத்தோடு இறங்கிப் போய் மச்சான் ஜன்னலைத் தட்டினார். "செருப்பைக் குடுங்க. பிள்ளைங்க என் வண்டியில வராங்க."